வாடகை கம்மி... தூரம் ஜாஸ்தி!

காலையில் எங்கள் தெருவில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. ஆறரை மணிக்கு முக்குக் கடை பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். சும்மா ஹாரன் இல்லை, பாஸ். 'ரெண்டே நிமிஷம்தான், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க' என்று மிரட்டுகிற ஹாரன்! அடுத்த நொடி தெருவே பரபரக்கும். ஒருத்தர் கையில் தூக்குவாளி, இன்னொருத்தர் வாயில் ஹேர்பின். எதிர்வீட்டு அத்தை மகளின் ஜடையைப் பாதியில் விட்டுவிட்டு, "மிச்சத்தை அண்ணன்கிட்ட பின்னிக்கடி" என்று சொல்லிவிட்டு ஓடுவார். அந்த அண்ணன் நான்தான். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு ஜடை பின்னத் தெரியுமா என்று கேட்காதீங்க. எங்க ஏரியாவில் தெரிஞ்சே ஆகணும்!

அந்த வேனில் என் அம்மாவும் ஏறுவார். அடுத்து ஒரு வேன், அதற்குப் பின்னால் ஒரு பழைய பஸ். ஏழு மணிக்குள் தெருவில் பாதிப் பேர் காலி. அதுக்கப்புறம்தான் நாங்கள், காலேஜ் கோஷ்டி, சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வருவோம்.

ஊர் திருத்தங்கல். சிவகாசிக்கு ஒட்டிப் பிறந்த தம்பி. விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் வந்தால், 'சிவகாசி வந்துருச்சா?' என்று நீங்கள் எட்டிப் பார்க்கிற இடம் எங்க ஊராகத்தான் இருக்கும். 2021-ல் சிவகாசியை மாநகராட்சி ஆக்கியபோது திருத்தங்கல் நகராட்சியையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஒரே நாளில் நாங்கள் கார்ப்பரேஷன் பசங்க!

ஆனால் ஊர் ரொம்பப் பழசு. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சிலப்பதிகாரத்தில் 'தங்கால்' என்று வருவது எங்க ஊர்தான். செய்யாத தப்புக்குச் சிறையில் அடைத்த ஒருவரிடம் பாண்டிய ராஜா மன்னிப்புக் கேட்டு, இந்த ஊரையே வரியில்லாமல் எழுதிக் கொடுத்ததாக ஒரு கதை அதில் இருக்கிறது. "அப்ப வரி கிடையாது. இப்ப சொத்து வரி, குப்பை வரி!" என்று முக்குக் கடை அண்ணாச்சி இதைச் சொல்லிச் சொல்லியே டீ ஆத்துவார்.

வளவுக்குள்ள ஒரு உலகம்!

சென்னைக்காரங்களுக்குத் தாம்பரம், பெருங்களத்தூர். மும்பைக்காரங்களுக்கு விரார். வேலை இருக்கிற இடத்தில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் தள்ளிப் போய்க் குடியிருந்து, தினமும் ரயிலில் நசுங்கி வேலைக்குப் போவார்கள். சிவகாசிக்கு அந்த மாதிரி இடம் திருத்தங்கல். ஆலையில் வேலை பார்க்கிறவர், அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், புதுசாகக் கல்யாணம் ஆனவர், சொந்த ஊரில் மழை பொய்த்து வந்தவர்... எல்லாரும் இங்கேதான் வீடு தேடுவார்கள்.

நாங்கள் இருப்பது வளவு வீடு. அதாவது ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக எட்டு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு, கடைசியில் ரெண்டு பாத்ரூம். வீட்டுக்கு ஒண்ணரை ரூம். அந்த 'அரை' என்பது சமையலறை என்று நீங்களே புரிஞ்சுக்கணும். வாடகை மூவாயிரத்துக்குள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் சீனியர் ஒருத்தர் பி.ஜி.-யில் ஒரு கட்டிலுக்கு மட்டும் இதைப்போல மூணு மடங்கு தருகிறார்.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது என்பதுதான் சிரமம். யார் வீட்டில் மீன் குழம்பு, யாருக்கு எத்தனை அரியர் என்று எட்டு வீட்டுக்கும் தெரியும். எனக்கு செகண்ட் செமஸ்டரில் மேத்ஸ் போன செய்தி அப்பாவுக்கு முன்னால் மூணாம் வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது!

ஆனால் லாபமும் உண்டு. குழாய்த் தண்ணி என்றைக்கு வரும் என்று தெரியாது. வரும் நேரம் அம்மா ஆலையில் இருப்பார். யார் வீட்டில் இருக்காங்களோ, அவங்க எட்டு வீட்டுக் குடத்தையும் நிரப்பிடுவாங்க. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு மூணாம் வீட்டுப் பெரியம்மாதான் பொதுவான பாட்டி. எல்லாரும் பயணம் போகிற ஏரியாவில் யாராவது ஒருத்தர் ஊரில் இருந்து பார்த்துக்கணும் இல்லையா?

அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முன்கூட்டியே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். நீங்கள் ஜனவரியில் மாட்டப்போகிற முருகனை நாங்கள் ஆகஸ்ட்டிலேயே கும்பிட்டாச்சு. சின்ன வயசில் என் நோட்டுக்கெல்லாம் அச்சுப் பிசகிய காலண்டர் தாளில்தான் அட்டை. ஹிஸ்டரி நோட்டில் ரெண்டு மூக்கு வைத்த ஒரு சரஸ்வதி இருந்தாள்.

தூரம் எதுக்கு?

விஷயத்துக்கு வருவோம். மற்ற ஊர்களில் மக்கள் தூரமாகக் குடியிருப்பதற்குக் காரணம் வாடகை. எங்க ஊர்ப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பட்டாசு ஆலையை வீடுகளுக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது. இவ்வளவு மருந்து இருந்தால் இவ்வளவு தூரம் விட்டுத்தான் வீடு, ரோடு, ரயில் பாதை என்று வெடிபொருள் விதிகளில் கணக்கு இருக்கிறது. ஆலைக்குள்ளேயும் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வெட்ட வெளி. ஒன்று வெடித்தால் மற்றது பற்றக்கூடாது.

அதனால்தான் ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், ஆமத்தூர் பக்கம் கரிசல் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அவற்றுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடத்தான் அந்த வேன்கள். அதாவது எங்க அம்மா தினமும் போகிற தூரம், ஏதாவது ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது என்பதற்காக விட்டு வைத்த தூரம்!

அந்தத் தூரம் இல்லையென்றால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்று ஒரு நகரம். அங்கே வீடுகளுக்கு நடுவிலேயே ஒரு பட்டாசுக் கிடங்கு. 2000 மே 13-ம் தேதி அது வெடித்தது. 23 பேர் செத்துப்போனார்கள். சுமார் நானூறு வீடுகள் அழிந்தன. அதுவும் தொழிலாளர்கள் அதிகம் குடியிருந்த பழைய ஏரியாதான். இதை முதல்தடவை படித்தபோது, ஆறரை மணி வேனை மனசுக்குள் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இந்தத் தொழில் எப்படி இங்கே வந்தது? வானம் பார்த்த பூமி. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அதே வெயில், தீக்குச்சி காயவும் மருந்து உலரவும் வரமாகிவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று பேர் வைத்தது நேரு என்பார்கள்.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று 1990-ல் சலம் பென்னூர்கர் ஒரு ஆவணப்படம் எடுத்தார். தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றியது. இன்றைக்கு எங்க தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்குத்தான் நிற்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு அப்போது பத்து வயசு. ஆறாங்கிளாஸ் போகவேண்டிய பிள்ளை தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறியாச்சு. (எங்க ஊரில் ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். "எங்கம்மா ஆபீஸ் போயிருக்காங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு ஹாஸ்டல் பசங்க ஏ.சி. ரூமைக் கற்பனை பண்ணிக்கொண்டார்கள்.)

கம்பியில ஜிகினா!

என் பயணம் அம்மா பயணத்துக்கு நேர் எதிர்த் திசை. விருதுநகர் ரோட்டில் காலேஜ். காலை எட்டு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு ராசிபலன் பார்க்கவே வேண்டாம். ஒரு பக்கம் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் போகும் ஸ்டாஃப், ஒரு பக்கம் வத்தல், பருப்பு வியாபாரத்துக்குப் போகும் அண்ணாச்சிகள், நடுவில் நாங்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று 2021 மே மாதம் வந்ததிலிருந்து, "சில்லறை குடுங்கம்மா" சண்டை பாதி குறைந்துவிட்டது. அதுவரை ரெண்டு ஸ்டாப் நடந்தே போன எதிர்வீட்டு அத்தை, இப்போது ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸிலேயே வருகிறார். "மிச்சம் பிடிச்ச காசுல மகளுக்கு ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ்" என்று எங்களிடம் கொண்டுவந்து காட்டினார்.

அவசரம் என்றால் ரயில். திருத்தங்கலில் ஸ்டேஷன் இருக்கிறது. விருதுநகர் ஜங்ஷன் போய்விட்டால் மதுரை, திருநெல்வேலி, தென்காசி, அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை என்று நாலு பக்கமும் தண்டவாளம். ஆனால் அதே ரயிலால் நாங்கள் பட்ட பாடும் உண்டு. நான் பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் சிவகாசியில். சாட்சியாபுரம் கேட் போட்டுவிட்டால் முடிந்தது கதை. சைக்கிள், மினி பஸ், லோடு ஆட்டோ, காலேஜ் வண்டி எல்லாம் வரிசைகட்டி நிற்கும். பிசிக்ஸில் ஒரு பாடத்தை முழுக்கவே கேட்டில் நின்று படித்திருக்கிறேன்.

சாயங்கால பஸ்ஸில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். வேன் வராத சின்ன ஆலை ஆட்கள் டவுன் பஸ்ஸில்தான் திரும்புவார்கள். அவர்கள் இறங்கிப்போன பிறகு கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை மினுமினுக்கும். அலுமினியப் பொடி. மத்தாப்பும் புஸ்வாணமும் வெள்ளையாகப் பூப்பது அதனால்தான். மெக்கானிக்கல் படிக்கும் ஃப்ரெண்ட் ஒருத்தன் முதல் நாள் கையைப் பார்த்துவிட்டு, "என்னடா, பஸ்ஸுக்கு ஜிகினா அடிச்சிருக்காங்க?" என்றான். அவனுக்கு ஊர் கோயம்புத்தூர்.

"எங்கம்மா பாக்கிங்தான்!"

எங்கள் வளவில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஆபீஸ்ல என்ன வேலை?" "பாக்கிங்தான்." பட்டாசைப் பெட்டியில் அடுக்குவது, லேபிள் ஒட்டுவது. மருந்து கலக்குவது, அடைப்பதுதான் ஆபத்தான வேலை. எல்லா வீட்டு அம்மாவும் பாக்கிங் என்றால் மருந்து அடைக்கிறது யார் என்று சின்ன வயசில் எனக்கு ஒரு சந்தேகம் வரும். கேட்டதில்லை.

போன வருஷம் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் மாசம். அம்மா வேலை முடிந்து வந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். லைட் வெளிச்சத்தில் காதுக்குப் பின்னால் ஒரு மினுமினுப்பு. பஸ் கம்பியில் பார்த்த அதே மினுமினுப்பு.

"பாக்கிங்ல ஏதும்மா பொடி?" என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க கொஞ்சம் கூலி கூடத் தர்றாங்கடா. ரெண்டு மாசம்தான்" என்றார். அவ்வளவுதான். சாம்பாருக்குப் பெருங்காயம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ரெண்டு மாசமும் எனக்குப் பகல் பன்னிரண்டு மணி பிடிக்காது. இந்தப் பக்கம் சத்தம் கேட்பது புதுசு இல்லை. ஆலைகளில் வெடித்துப் பார்ப்பார்கள், கோயில் கொடைக்கு வெடிப்பார்கள், கல்யாணத்துக்கு வெடிப்பார்கள். எங்களுக்கு வித்தியாசம் தெரியும். சோதனைச் சத்தம் பொட்டென்று கேட்டு முடிந்துவிடும். மற்ற சத்தம் காலுக்கடியில் வரும். ஜன்னல் கண்ணாடி ஒருதடவை பேசும். உடனே தெருவில் எல்லாரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் புகை என்று.

போன் பண்ணலாமே என்கிறீர்களா? ஆலைக்குள் செல்போன் கூடாது. பொறி, உராய்வு எதுவும் ஆகாத இடம் அது. அம்மாவின் போன் எங்கள் வீட்டு அலமாரியிலேயே கிடக்கும். அதனால் வேன் டிரைவர் அண்ணனுக்கு அடிப்போம். எட்டு வீடும் ஒரே நம்பருக்கு அடித்தால் எப்பவும் பிஸிதான். அப்புறம் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுப்போம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தின்போது எனக்கு ஏழு வயசு. சுமார் நாற்பது பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு ஸ்கூலில் ஆசிரியர் தினம். நாங்கள் மிட்டாயோடு வீட்டுக்கு வந்தபோது வளவில் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபது பேருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் காரணங்கள் ஒரே மாதிரிதான் வரும்: அளவுக்கு மேல் மருந்து, அளவுக்கு மேல் ஆள், லைசென்ஸ் வாங்கினவர் வேறு, உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வேறு. விதியில் தூரம் சரியாகத்தான் எழுதியிருக்கு. அந்தத் தூரம் காப்பாற்றுவது ஊரை. அறைக்குள் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற, விதியை யாராவது தினமும் நடத்திக் காட்டணும்.

மூடினாலும் கஷ்டம்!

"அப்படின்னா ஆலையை மூடிட்டா என்ன?" என்று காலேஜ் டிபேட்டில் ஒரு பொண்ணு கேட்டாள். நல்ல கேள்வி. நாங்கள் அதையும் பார்த்தாச்சு.

2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான். நுரையீரல் கெடுகிற ஊர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கு. ஆனால் பேரியம் இல்லாமல் எதைச் செய்வது என்று தெரியாமல் நவம்பரில் ஆலைகளை அடைத்தார்கள். நூறு நாளுக்கும் மேல் ஆறரை மணி ஹாரன் கேட்கவில்லை.

நான் எட்டாங்கிளாஸ். முதல் வாரம் ஜாலியாக இருந்தது. அம்மா வீட்டில் இருக்காங்க, சுடச்சுட தோசை! ரெண்டாவது வாரம் தோசை நின்றுபோச்சு. அண்ணாச்சிக் கடை நோட்டில் எங்கள் பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கியது. வளவில் ரெண்டு குடும்பம் சாமான்களை மூட்டை கட்டித் திருப்பூருக்குப் போனார்கள். வாடகை கம்மி என்கிறோமே, அந்தக் கம்மி வாடகையையும் கொடுக்க முடியாத மூணு மாசம் அது. வீட்டுக்காரத் தாத்தா வாசல் வரைக்கும் வந்து, "சரி, ஆபீஸ் தொறக்கட்டும்" என்று திரும்பிப் போவார்.

ஆலை திறந்த அன்று காலையில் ஹாரன் கேட்டதும் மூணாம் வீட்டுப் பெரியம்மா கை எடுத்துக் கும்பிட்டார். பயந்துக்கிட்டே அனுப்புகிற வண்டிக்குத்தான் அந்தக் கும்பிடு. இதைப் புரியவைக்க டிபேட்டில் எனக்கு ரெண்டு நிமிஷம் போதவில்லை.

எவ்வளவு தூரம்டா?

அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. கிடைத்தால் சென்னை, இல்லை பெங்களூரு. சிவகாசி ஸ்டேஷனில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எங்கள் சீனியர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். லீவுக்கு வந்த ஒரு அண்ணன் அன்றைக்கு வளவில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். "ஆபீஸ் பன்னெண்டு கிலோமீட்டர்தான் அத்தை. ஆனா டிராஃபிக்ல ஒண்ணரை மணி நேரம்!"

அம்மாவுக்கு நெஞ்சே பதறிவிட்டது. "அய்யய்யோ, ஒண்ணரை மணி நேரமா? உடம்பு என்னத்துக்குய்யா ஆகும்!" என்று ஒரு டம்ளர் மோர் கூடுதலாக ஊற்றினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போச்சு. அந்த அண்ணனுக்கு லேட் ஆனால் மேனேஜர் முறைப்பார். அம்மாவின் வேன் அரை மணி நேரம் லேட் ஆனால் இங்கே எட்டு வீட்டில் அடுப்புப் பற்றாது.

ரெண்டு மாசம் முடிந்து அம்மா திரும்பவும் பாக்கிங் வந்துவிட்டார். நிஜமாகவே பாக்கிங்தான், காதுக்குப் பின்னால் தினமும் பார்க்கிறேன். 'வேலை கிடைச்சதும் நீங்க நின்னுடணும்' என்று சொல்லியிருக்கேன். "நின்னுட்டு? வீட்டுல உக்காந்து உன் அப்பா மூஞ்சியைப் பாக்கவா?" என்று கேட்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீங்கள் எங்க ஊருக்கு வந்தால் சாயங்காலம் வாங்க. பெருமாள் கோயில் குன்றுமேல் ஏறினால் ஊர் மொத்தமும் தெரியும். தண்டவாளம், வளவு வீடுகள், தூரத்தில் கரிசல் காடு. ஆறு மணி வாக்கில் கீழே இறங்கி எங்க தெருவுக்கு வந்துடுங்க. முக்குக் கடையில் டீ நல்லாருக்கும்.

ஒண்ணு கவனிங்க. காலையில் அந்தப் போடு போடுகிற வேன், சாயங்காலம் ஹாரனே அடிக்காது. தேவையில்லை. அது வளைவில் திரும்புவதற்கு முன்னாலேயே தெரு முழுக்க வாசலில் நிற்கும். பாதி ஜடையோடு ஒரு வாண்டு, தோளில் துண்டோடு அப்பா, பஸ் கம்பி ஜிகினா கையில் ஒட்டியபடி நான். கதவு திறக்கும். ஒவ்வொருத்தராக இறங்குவார்கள்.

யாரும் எண்ணுகிற மாதிரி காட்டிக்க மாட்டோம். ஆனால் எல்லாரும் எண்ணிக்கொண்டுதான் இருப்போம்.